நீல விளக்கை அணைத்த பிறகு

பவளம் விற்கும் கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்பது, "அங்கிள், வெள்ளை விளக்கைப் போட முடியுமா?" என்றுதான். விலை பிறகு. பாசிர் ரிஸ் பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடையின் முதலாளி எழுபதை நெருங்கும் சீனப் பெரியவர். இதைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். சுளித்துக்கொண்டே போடவும் செய்வார். நீல ஒளியில் பச்சையும் செம்மஞ்சளுமாகத் தகதகத்துக்கொண்டிருந்த தட்டுகள் வெள்ளை வெளிச்சம் விழுந்ததும் சட்டென்று அடங்கிப்போகும். பாதிக்கு மேல் தவிட்டு நிறம். அதற்குப் பிறகுதான் நான் குனிந்து தேட ஆரம்பிப்பேன்.

கடைக்காரரின் ஏமாற்று இதில் எதுவும் இல்லை. இந்த உயிர்களின் தசையில் ஒளிரும் புரதங்கள் உண்டு. நீல ஒளியை வாங்கிக்கொண்டு அதைப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பித் தரும். சாயங்காலமானால் என் வீட்டிலும் நீல விளக்குதான் எரிகிறது. அந்த அழகுக்காகத்தானே இத்தனை பாடு. ஆனால் காசு கொடுக்கும் நேரத்தில் உடம்பைப் பார்க்க வேண்டும். தண்டில் ஒட்டிய வெண்புள்ளி, அடியில் விழுந்த கிழிசல், ஓரத்தில் படரத் தொடங்கிய பாசி, வெளிறிப்போன தலை, இத்தனையையும் நீல வெளிச்சம் மூடிவிடும்.

நான் சொல்வது ஜோவாந்திட்களைப் பற்றி. வளர்ப்பவர்கள் வாயில் அது சுருக்கமாக 'ஜோவா'. பவளம் என்று சொல்லி விற்றாலும் திட்டு கட்டும் பவளங்களுக்கு இருக்கும் சுண்ணாம்பு எலும்பு இவற்றுக்குக் கிடையாது. பவளங்களுக்கும் கடல் அனிமோன்களுக்கும் ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குட்டைத் தண்டு, உச்சியில் தட்டையான வட்டு, வட்டின் நடுவில் வாய், விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன விரல்கள். இப்படிப்பட்ட தலைகள் பத்தும் நூறுமாக ஒரே அடிப்பாயிலிருந்து முளைத்து நெருங்கி நிற்கும். பாறைமேல் யாரோ சட்டைப் பொத்தான்களைக் கொட்டி ஒட்டியதுபோல் இருக்கும். தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளிச்சத்தைக் கொண்டு சமைத்துத் தருவதுதான் பெரும்பாலும் அவற்றின் சாப்பாடு. தீனி போடும் வேலை மிச்சம், விளக்கெரிக்கும் செலவு உண்டு.

ஈசூனில் நாலறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு எங்களுடையது. கடல்நீர்த் தொட்டி வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது மனைவி மறுக்கவில்லை, நிபந்தனை மட்டும் விதித்தாள். "ரெண்டடிக்கு மேல ஒரு அங்குலம்கூடப் போகக் கூடாதுங்க. கரண்ட் பில்லும் உங்க கணக்குலதான்." ஆக, இரண்டடித் தொட்டி. பாறையும் மணலும் போக ஐம்பது, அறுபது லிட்டர் தண்ணீர். கல் பவளங்களை அதில் வைத்தால் அவை எலும்பு கட்டக் கால்சியத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாமும் தினம் அளந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜோவாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். உள்ளங்கை அகலப் பாறையில் ஏழெட்டு வகை வைக்கலாம். சின்ன வீட்டுக்காரர்களுக்கென்றே படைக்கப்பட்டவை என்று எனக்குத் தோன்றும்.

சிங்கப்பூரில் கடல்நீர்த் தொட்டிக்கு முதல் எதிரி வெக்கை. கூடத்தில் எப்போதும் முப்பது டிகிரி. அதன்மேல் விளக்கின் சூடு, பம்பின் சூடு. பவளங்களுக்குப் பிடித்தது 25லிருந்து 27 டிகிரி வரை. தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்னக் காற்றாடி ஒன்றை ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் காணாமல் போகும். உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025 என்று அளந்து வைத்த தண்ணீர் இரண்டு நாளில் கரிக்கத் தொடங்கும். பெரிய தொட்டியில் இது உறைக்காது. சின்னத் தொட்டியில் மூன்றாம் நாளே ஜோவா வாயை மூடிக்கொள்ளும். நீர்மட்டம் இறங்கினால் தானே நல்ல தண்ணீர் ஊற்றும் கருவி ஒன்றை மாட்டினேன். சில்லருக்குக் கொடுக்கும் காசை விட அதற்குக் கொடுத்த காசே உபயோகமானது என்பது என் எண்ணம். பழைய சில்லர் ஒன்றும் பிறகு கைமாறி வந்தது. தொட்டியைக் குளிர்வித்துக் கூடத்தைச் சூடாக்கும் யந்திரம் அது. "மீனுக்கு ஏசி, நமக்குக் காத்தாடி" என்று மனைவி இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

குழாய்த் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீர் நாம் குடிக்க அருமையானது. ஆனால் அதில் கிருமி நீக்கக் குளோராமின் கலக்கிறார்கள். வெறும் குளோரின் என்றால் வாளியில் பிடித்து வைத்தால் ஒரு நாளில் பறந்துவிடும், குளோராமின் அப்படிப் போகாது. ஆர்ஓ வடிகட்டியில் இறக்கி, அயனி நீக்கும் பிசின் வழியாகவும் விட்டுத்தான் உப்புக் கலக்கிறேன்.

இனி, தேர்ந்தெடுப்பது. புதிதாக வருகிறவர்கள் கடையில் நன்றாக விரிந்திருக்கும் தலைகளைப் பார்த்து மயங்குவார்கள். விரிவது நல்ல அடையாளம்தான். என் கண் முதலில் போவது அடிப்பாய்க்கு. தலைகளை இணைத்துப் பாறையைத் தழுவிக் கிடக்கும் அந்தத் தசை தடித்து, முழுசாக, விளிம்பு பாறைமேல் நகர்ந்து புதுக் குருத்து விடுவதாக இருக்க வேண்டும். விளிம்பில் அரிசி அளவில் குட்டித் தலைகள் தெரிந்தால் வளர்கிறது என்று பொருள். அடிப்பாயே இல்லாமல், நேற்று வெட்டிய தலைகளை இரண்டும் மூன்றுமாகப் பசை போட்டு ஒட்டியிருப்பதும் உண்டு. ஒட்டிய இடத்தில் பசை இன்னும் வெள்ளையாகத் தெரியும். அது பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். அந்தச் சூதாட்டத்தைக் கடைக்காரரே ஆடட்டும், இரண்டு வாரம் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

அடுத்தது தண்டு. தண்டு நீண்டு, தலை மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வெளிச்சம் போதாமல் தவித்த குடும்பம். வட்டு தட்டையாகி விரல்கள் உள்ளே சுருங்கியிருந்தால் வெளிச்சம் அதிகம். இரண்டையும் வீட்டில் சரிசெய்துவிடலாம், பேரம் பேசவும் இது உதவும். சரிசெய்ய முடியாதவை வேறு: தண்டில் பரு மாதிரி வெளிர்ப் புள்ளிகள், தலை மேலே வழியும் கோழை, ஒரே கூட்டத்தில் பாதி விரிந்து பாதி நாள்கணக்காக மூடிக் கிடப்பது. கடைக்காரரிடம் ஒரு சிறு குழாயால் தண்ணீரை அதன்மேல் ஊதச் சொல்வேன். ஆரோக்கியமான ஜோவா படக்கென்று மூடிக்கொள்ளும், சில நிமிடத்தில் மறுபடி விரியும். ஊதினாலும் அசையாமல் விரிந்தே கிடப்பதை நான் தொடுவதில்லை.

எண்ணிக்கையிலும் கொஞ்சம் பிடிவாதம் எனக்கு. ஒற்றைத் தலை வாங்குவதில்லை. ஐந்தாறு தலையாவது இருந்தால்தான் ஒன்று போனாலும் குடும்பம் நிற்கும். கடலிலிருந்து பெயர்த்துக் கப்பலேறி வந்த கொத்தைவிட, இந்த ஊரிலேயே இன்னொருவர் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டே மேல். நம் விளக்குக்கும் நம் உப்புக்கும் பழகியது. கடல் பாறை ஒன்று பெயர்க்கப்படாமலும் இருக்கும்.

பெயர்களுக்கு வருவோம். ஈகிள் ஐ, ரஸ்தா, அட்டர் கேயாஸ், சன்னி டி, பீப்புள் ஈட்டர்ஸ், ஃப்ரூட் லூப்ஸ். அமெரிக்க வளர்ப்பாளர்கள் சூட்டிய பெயர்கள், உலகமெங்கும் ஓடுகின்றன. பெயர் வந்துவிட்டால் விலை தலைக்கணக்கில் ஏறும். ஒரு சின்ன வட்டுக்கு எண்பது வெள்ளி, நூறு வெள்ளி என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தட்டில் அதே மாதிரி ஒன்று, பெயர் இல்லாததால் கொத்தாக இருபது வெள்ளி. எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த இருபது வெள்ளிக் கொத்தை வாங்கிப்போய், வெளிச்சமும் இடமும் மாறியதில் வட்டின் விளிம்பு சிவந்துவர, மறு வருடம் பெரிய பெயரில் விற்றார். அவர் பொய் சொன்னார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெயருக்கு உரியது எது என்று நிறுவ யாரிடமும் எந்த அத்தாட்சியும் கிடையாது.

அறிவியலாளர்களே இதில் குழம்பியிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். ஜப்பானியக் கடலோரங்களில் நிறத்தையும் உருவத்தையும் வைத்து நான்கு இனங்களாக எண்ணியிருந்த, ஜோவாந்திட்களில் ஒரு பேரினமான ஜோவாந்தஸ்களின் மரபணுவை ஜேம்ஸ் ரைமரும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டு, அவை ஒரே இனம் என்று 2004ஆம் ஆண்டு எழுதினார்கள். ஒரே இனத்துக்குள் அத்தனை நிறம். எண்பது வெள்ளி ரஸ்தாவும் பெயரில்லாத பச்சையும் உடன்பிறப்பாக இருக்கக்கூடும். இதை அங்கிளிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்தப் புரொஃபசர் வந்து என் கடை வாடகையைக் கட்டுவாரா?" என்று கேட்டார்.

என் தொட்டியில் பல வருடமாகத் திடமாக நிற்பது பெயரில்லாத பச்சை நடுவும் தவிட்டு விளிம்பும் கொண்ட ஒரு கொத்துதான். நான் வேறெதையோ வாங்கியபோது அங்கிள் இலவசமாகக் கொடுத்தது. விலை உயர்ந்தவை வந்தன, சில நின்றன, சில போயின.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உடனே தொட்டியில் போட மாட்டேன். பையோடு மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்திய பிறகு, தனிக் கிண்ணத்தில் அயோடின் கலந்த கடல்நீரில் சில நிமிடம் அலசுவேன். கடையில் ஒட்டி வந்த அடிக்கட்டையைக் கழற்றி எறிந்துவிடுவது நல்லது. ஜோவாவைத் தின்னும் ஓடில்லா நத்தை ஒன்று உண்டு, நியூடிபிராங்க் என்பார்கள். அது அந்தக் கட்டையின் அடியிலும் முட்டைச் சுருளை வைக்கும். மருந்துத் தண்ணீரில் தாய் செத்தாலும் முட்டை சாகாது. விரல் நகத்தைவிடச் சிறியது, முதுகெல்லாம் குஞ்சம். எந்த நிற ஜோவாவைத் தின்கிறதோ அந்த நிறம் குஞ்சத்தில் ஏறிவிடும். பகலில் கண் முன்னே இருந்தாலும் தெரியாது. விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு தொட்டிமுன் உட்கார வேண்டும். ஜோவா மூடிய பிறகு குஞ்சம் மட்டும் நகர்வது தெரியும். இடுக்கியால் எடுத்துவிடலாம். இன்னொரு பகையாளி, தட்டையான வட்டச் சங்கில் கட்டம் போட்ட கோலத்தோடு வரும் ஹீலியாகஸ் நத்தை. பார்க்க மிக அழகு. அழகைப் பார்த்து விட்டுவைத்தால் ஒவ்வொரு தண்டாக உறிஞ்சி முடித்துவிடும்.

தொட்டியில் வைக்கும் இடத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. முதல் வாரம் மணல்மேல், பிறகு மெல்ல மேலே. நேரே அடிக்காத, அசைந்துகொண்டே இருக்கும் நீரோட்டம். ஒவ்வொரு வகைக்கும் தனிக் கல். பெரிய பாறையில் ஒட்டினால், வேகமாகப் படரும் வகை மெதுவாக வளர்வதன் மேல் ஏறி அதை மறைத்துவிடும்; பிறகு பிரிக்க முடியாது.

உட்லண்ட்ஸில் இருக்கும் மலாய் நண்பர் ஒருவர் என்னைவிடப் பொறுப்பானவர். அவருடைய தொட்டிக் கண்ணாடியில் ஒரு புள்ளிப் பாசி காண முடியாது. நைட்ரேட் சோதனை செய்தால் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். அந்தத் தண்ணீரில் அவருடைய ஜோவாக்கள் மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்தன. வெளிச்சத்தைக் குறைத்தார், கூட்டினார், அயோடினில் அலசினார், கழிவு பிரிக்கும் ஸ்கிம்மரைப் பெரிதாக மாற்றினார். கடைசியில் நான் அவரை அங்கிளிடம் கூட்டிப் போனேன். அங்கிள் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி ரொம்ப சுத்தம் லா. மீனுக்குச் சாப்பாடு போடு. மெஷினை ராத்திரி அணை" என்றார். தசைக்குள் இருக்கும் நுண்பாசிக்கும் கொஞ்சம் உரம் வேண்டும். மீனின் கழிவுதான் அந்த உரம். நண்பர் இன்னொரு மீன் வாங்கினார், ஸ்கிம்மரின் நேரத்தைக் குறைத்தார். நைட்ரேட் ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் வந்து நின்றதும் வட்டுகள் பழைய அகலத்துக்குத் திரும்பின. கண்ணாடியில் கொஞ்சம் பாசியும் வந்தது. அதுதான் அவருக்கு வருத்தம்.

அம்மா மயிலாடுதுறையிலிருந்து வந்து தங்கியிருந்தபோது கூடத்தில் அவருக்குப் பிடித்த இடம் தொட்டிக்கு எதிரிலிருந்த நாற்காலி. காலையில் விளக்கு வந்து ஒவ்வொரு தலையாக விரிவதைத் தொலைக்காட்சித் தொடரைவிட ஆர்வமாகப் பார்ப்பார். ஒரு நாள் நான் பாறையைச் சரிசெய்ய மூடியைத் திறந்து வைத்திருந்தேன். அம்மா எழுந்து வந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை உள்ளே விடப் போனார். நான் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

"ஏன்டா இப்படிக் கத்துற? பூவத் தொட்டா என்னடா ஆயிடும்?"

"அம்மா, அது பூவில்ல. விஷம். உங்க விரல்ல வேற அருவாமணை வெட்டு இருக்கு."

"விஷத்தையா நடுவீட்டுல வச்சிருக்க?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

ஜூரோங் தீவில் ரசாயன ஆலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் ஆலைக்குள் வரும் ஒவ்வொரு பீப்பாயோடும் ஒரு தாள் வரும்: உள்ளே இருப்பது என்ன, கண்ணில் பட்டால் என்ன செய்வது, மூச்சில் போனால் என்ன செய்வது. தாள் இல்லாத பீப்பாயை வாசலிலேயே நிறுத்துவோம். ஜோவா வரும் பிளாஸ்டிக் பையில் இருப்பதோ ஒரு செல்லப் பெயரும் விலையும் மட்டும். பாலிடாக்சின் என்ற சொல்லை எந்தப் பையிலும் நான் கண்டதில்லை.

இந்த விஷத்தின் கதை ஹவாயில் தொடங்குகிறது. மாவி தீவின் ஹானா பகுதியில் கடலோரப் பாறைக்குட்டை ஒன்றில் ஈட்டி முனைக்கு விஷமேற்றும் 'பாசி' இருப்பதாக அங்கத்திய மக்கள் அறிந்திருந்தார்கள். அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று விலக்கும் இருந்தது. 1961இல் ஆய்வாளர்கள் அதைச் சேகரித்தார்கள். அந்த வருடத்தின் கடைசி நாள், டிசம்பர் 31 அன்று, ஹவாய் கடலுயிர் ஆய்வுக்கூடத்தின் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாம் ஊகிக்கலாம். பாசி என்று நினைத்தது பாசியே இல்லை, பாலித்தோவா என்ற ஜோவாந்திட். அதிலிருந்து விஷத்தைப் பிரித்தெடுத்து 1971இல் வெளியிட்டவர்கள் ரிச்சர்ட் மூரும் பால் ஷூயரும். ஒரே மூலக்கூறில் 129 கார்பன் அணுக்கள். ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் குழு 1994இல் இதைச் செயற்கையாகக் கட்டி முடித்தது வேதியியலின் பெரிய சாதனைகளில் ஒன்று. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் உண்டு. பாலிடாக்சின் அந்தப் பம்பில் போய் ஒட்டி, மூட முடியாத துவாரமாக அதை மாற்றிவிடுகிறது. இதயமும் தசையும் முதலில் அடிவாங்கும்.

எல்லா ஜோவாவும் இப்படி இல்லை. அமெரிக்காவில் கடைகளிலும் வீடுகளிலும் இருந்த மாதிரிகளைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வில், சில பாலித்தோவா வகைகளில் விஷம் மிக அதிகமாகவும், ஜோவாந்தஸ் வகைகளில் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. பாலித்தோவாவுக்குத் தலை பெரிது, தண்டு தடிப்பு, தசையில் மணல் துகள்கள் பதிந்து சொரசொரப்பாக இருக்கும். நிறம் பெரும்பாலும் தவிடு. ஆனால் குட்டியாக இருக்கும்போது இரண்டையும் கண்ணால் பிரிப்பது நிபுணருக்கே கடினம். காசு கொடுத்து வாங்காத கொத்தும் பாறையோடு ஒட்டிக்கொண்டு இலவசமாக வந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் விஷமென்றே வைத்துப் பழகுகிறேன். பயத்தினால் அல்ல, ஆலையில் கற்ற பழக்கம்.

தொட்டிக்குள் அது தன் பாட்டுக்கு இருக்கும்வரை யாரையும் ஒன்றும் செய்யாது. ஆபத்து நாம் அதை வெட்டும்போதும், பாறையைச் சுத்தம் செய்யும்போதும் வருகிறது. வேண்டாத ஜோவா படர்ந்த பாறையை வெளியே எடுத்துக் கொதிநீரை ஊற்றுகிறார்கள், அடுப்பில் வேகவைக்கிறார்கள், பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். கொதித்தாலும் இந்த விஷம் அழியாது. ஆவியோடும் சாரலோடும் நுண்துளியாகக் கிளம்பி வீடு முழுக்கப் பரவும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷரில் ஒரு வீட்டில் தொட்டியிலிருந்து பவளப் பாறையை வெளியே எடுத்ததில் குடும்பத்தினர் எல்லோரும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. கண்ணில் தெறித்தால் கருவிழி புண்ணாகும். அழுத்தினால் ஜோவா தண்ணீரைப் பீய்ச்சும், அதுவும் நேரே முகத்துக்கு.

வெட்டும் வேலையை நான் பால்கனி ஓரத்தில், கதவைத் திறந்து வைத்து, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கடல்நீருக்கு உள்ளேயே செய்கிறேன். ஆலைக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முகக்கவசம். வேலை நடக்கும்போது மகள் அந்தப் பக்கம் வர மாட்டாள். கூர்மையான பிளேடு, அடிப்பாயில் ஒரே இழுப்பு. தலையை நசுக்கக் கூடாது. துண்டைப் புதுக் கட்டையில் சூப்பர் குளூ ஜெல்லால் ஒட்டினால் சில நொடியில் பிடித்துக்கொள்ளும். கத்தியும் கிண்ணமும் கழிவும் பிளீச் தண்ணீரில், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறும். தொட்டி வடிகட்டியில் கரித்துகள் பையும் எப்போதும் இருக்கிறது. சமையல் பாத்திரம் எதுவும் இந்த வேலைக்கு வராது. அடுக்களைத் தொட்டியில் பாறையைக் கழுவுவதைப் பெருமையாகப் படம் எடுத்துக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

ஒரு முறை விடியற்காலைக் கடல் வற்றத்துக்கு மகளைத் தெற்குத் தீவுகளில் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். வழிகாட்டியோடு போகும் நடை. முட்டிவரை இருந்த தண்ணீர் விலகி, பாறைத் திட்டு வெளியே கிடந்தது. வழிகாட்டிப் பெண் டார்ச்சை அடித்துக் காட்டிய இடத்தில் சேறும் மணலும் படிந்த தவிட்டுக் குமிழ்கள், எல்லாம் இறுக மூடியவை. "அப்பா, நம்ம வீட்டு ஜோவாவா இது? இவ்வளவு அழுக்கா?" என்றாள் மகள். நீல விளக்கும் இல்லை, வெள்ளை விளக்கும் இல்லை. வெயிலையும் மழையையும் கப்பல்கள் கிளப்பும் கலங்கலையும் தாங்கிக்கொண்டு அவை அங்கே இருந்தன. கடல் சூடேறி 1998, 2010, 2016 ஆண்டுகளில் சிங்கப்பூரின் பவளத் திட்டுகள் வெளிறியதை வழிகாட்டி சொன்னார். அந்த வருடங்களில் கடல் எட்டிய வெப்பம், சில்லர் நின்றுபோனால் என் கூடத்துத் தொட்டி எட்டும் வெப்பத்துக்குப் பக்கம். எங்களோடு வந்த ஒருவர் குனிந்து ஒரு குமிழைப் பெயர்க்கப் பார்த்தார். வழிகாட்டி போட்ட அதட்டலில் கையை எடுத்துக்கொண்டார். எடுத்து வரவும் கூடாது, வளர்த்து அலுத்ததைக் கொண்டுபோய்க் கடலில் விடவும் கூடாது. வேண்டாததைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அங்கிளைப் போன்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

அம்மாவின் கேள்விக்கு நான் அன்று சொன்ன பதில், "கேஸ் சிலிண்டரையும் வீட்டுலதானம்மா வச்சிருக்கோம்" என்பது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சிலிண்டரில் எழுதியிருக்கிறதே என்றார். அன்று சாயங்காலமே ஒரு தாளில் எழுதித் தொட்டியின் அடிப்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் அதைச் செய்யுங்கள். ஜோவாந்திட், பாலித்தோவா, பாலிடாக்சின் என்ற மூன்று சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அதைக் காட்டி வையுங்கள். தொட்டியில் வேலை செய்த அன்று யாருக்காவது வாயில் உலோகக் கசப்பு, குளிர் காய்ச்சல், தசைவலி, மூச்சுத் திணறல் என்று வந்தால் சளிக்காய்ச்சல் என்று படுக்க வைக்காதீர்கள். எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்து, சிங்கப்பூரில் என்றால் 995ஐ அழையுங்கள், அந்தத் தாளைக் கிழித்துக் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் கொடுங்கள். பாலிடாக்சினுக்கு முறிமருந்து இன்றுவரை இல்லை; வந்த அறிகுறிகளுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார்கள்.